டியூபின் கடைசி வரி

என் மனைவி முகத்துக்குப் போடும் வெயில் கிரீமில் நான் முதன்முதலாக வாசித்த வார்த்தை, எனக்கு ஏற்கெனவே பழக்கமான வார்த்தை.

நாங்கள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கட்டடத்தின் சாரத்துக்குக் கீழே காலி பெயின்ட் பக்கெட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மதியச் சாப்பாடு முடித்திருந்தோம். அவள் கை கழுவப் போயிருந்தாள். அவளுடைய பையிலிருந்து டியூப் எட்டிப் பார்த்தது. எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷ். ஒவ்வொரு எழுத்தாக உருட்டிக்கொண்டு போனதில் ‘டைட்டானியம் டை ஆக்ஸைடு’ என்று வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து, உட்கார்ந்திருந்த பக்கெட்டை நிமிர்த்திப் பார்த்தேன். அதன் வயிற்றிலும் அதே வார்த்தை. எழுத்துக்கு எழுத்து அதேதான்.

சுவருக்கு அடிப்பதைத்தான் இவள் முகத்துக்கும் அடித்துக்கொண்டிருக்கிறாளா என்று நினைத்தேன்.

நினைக்கக் காரணம் இருந்தது. அவளுக்குக் கண்ணைச் சுற்றியும் புறங்கையிலும் தோல் வெளுத்துப் போயிருக்கிறது. வெண்புள்ளி என்பார்கள். வலி கிடையாது, யாருக்கும் ஒட்டாது. ஆனால் வெளுத்த இடத்துக்கு வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் நின்றாலே சிவந்து, இரவெல்லாம் எரியும். வெளிச்சுவர் வேலைக்குப் போவதானால் கிரீம் போடாமல் போகவே கூடாது என்று தோல் டாக்டர் சொல்லியிருந்தார். சரி என்று வாங்கிப் போட ஆரம்பித்தாள். எரிச்சல் நின்றது, அரிப்பு வந்தது. இமை இரண்டும் வீங்கி, தூக்கத்திலிருந்து பாதியில் எழுப்பிய ஆள் மாதிரி ஆகிவிட்டாள்.

உள்வேலைக்குப் போகலாமே என்றால் அங்கேயும் தொல்லை. அறைக்குள் ரோலர் ஓட்டுகிற நாட்களில் இமை தடித்துவிடும். சுவரைச் சமன்படுத்தப் பூசுகிற பட்டியைத் தேய்க்கும் தூசு ஆகவில்லை என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆக, வெளியே வெயில், உள்ளே தூசு. சுவருக்கு இரண்டு பக்கம்தானே உண்டு. மூன்றாவது பக்கத்துக்கு அவள் எங்கே போவாள்?

எங்கள் குழுவின் மேஸ்திரி அவளுடைய தம்பிதான். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்ததே இவள். அவன் அன்று காலையில், முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

“அக்கா, இந்தக் கட்டடத்தோட போதும். வீட்ல இரு. உன்னை நான் பார்த்துக்க மாட்டேனா?”

மேஸ்திரி என்ற முறையில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். தம்பி என்ற முறையில் சொல்லிவிட்டான். அதற்கு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் உட்காருவது அவளுக்கு எப்படி என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் என்று படுத்த நாளில்கூட சுவரில் எங்கே ஈரம் கசிகிறது என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தவள்.

நான் எழுத்துப் படித்தது நரை விழுந்த பிறகுதான். தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். தமிழ் எழுத்து அங்கே வந்தது. இங்கிலீஷ் எழுத்து பக்கெட்டில் வந்தது. தினமும் கண்ணுக்கு எதிரே நிற்கிற எழுத்து, அதோடு பழகாமல் எத்தனை காலம் முறைத்துக்கொண்டிருப்பது? அர்த்தம் தெரியாது, ஆனால் கூட்டி வாசித்துவிடுவேன். என்ன, நாள் முழுக்க கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை செய்கிறவனுக்கு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். மூன்றாவது வரியில் தலை தொங்கிவிடும். மச்சான் வாசித்தாலே குறட்டை சத்தம் வரும் என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

வேலை முடிந்ததும் டியூபோடு மருந்துக்கடைக்குப் போனேன். பக்கெட்டிலிருந்து உரித்தெடுத்த லேபிளும் கையில் இருந்தது. கடையில் மருந்தெடுத்துக் கொடுக்கிற பெண் சின்ன வயது. என் சட்டையில் காய்ந்திருந்த பெயின்டையும் கையிலிருந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் லேபிளை வாங்கி ஆசையாக வாசித்தாள்.

ஒரே பொருள்தானாம். சுவரில் வெள்ளையாக மூடுவதற்காகப் போடுகிறார்கள். கிரீமில் அதையே இன்னும் நைசாக அரைத்து, வெயிலில் தோலைச் சுடுகிற பங்கைத் தடுப்பதற்காகப் போடுகிறார்கள். அதனால் தோலுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, பலபேருக்கு அரிப்புத் தராத சாமானே அதுதான் என்றாள். டியூபில் எழுதியிருக்கிற வரிசைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எது அதிகமோ அது முதலில், எது கொஞ்சமோ அது பின்னால். முதல் வார்த்தை என்ன என்று கேட்டேன்.

“தண்ணிதான், அண்ணே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயின்ட் பக்கெட்டிலும் முதலில் தண்ணீர்தான். நாங்கள் அதில் இன்னும் தண்ணீர் கலந்தால் திருட்டு, அவர்கள் கலந்து அனுப்பினால் கம்பெனி.

அவள் சொன்னதெல்லாம் புரிந்தது. ஆனால் மனம் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் பக்கெட்டில் எது அதிகமாக இருக்கிறதோ அதுதான் சுவரின் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கும். அடியில் ஒரு சொட்டு இருப்பதை யார் பார்ப்பது? இந்த வெள்ளைத் தூள் இல்லாத கிரீம் இருந்தால் கொடு, தாயே என்றேன். இருக்கிறது என்று ஒரு ஜெல்லை எடுத்தாள். இதில் தூளுக்குப் பதிலாக எண்ணெயில் கரைகிற மருந்துகள் நாலைந்து. அவையும் வெயிலைத் தடுக்கும், முகத்தில் வெள்ளை தெரியாது. வீக்கம் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். டாக்டரைப் பார்க்கக் கிடைத்திருந்த தேதி அடுத்த மாதம்.

ஜெல்லோடு வீட்டுக்கு வந்தபோது ஏதோ மலையைப் புரட்டியவன் மாதிரி நடந்து வந்திருக்க வேண்டும். என்ன, வாத்தியார் வருகிற மாதிரி வருகிறீர்கள் என்று மனைவி கேட்டாள்.

ஜெல்லைப் போட்ட முதல் நாள் ஒன்றுமில்லை. நான் மேஸ்திரியிடம் வகுப்பே எடுத்துவிட்டேன், வெள்ளைத் தூள், அரைப்பு, வரிசை என்று. இரண்டாவது நாள் சாயங்காலம் அவள் கன்னத்தைச் சொறிந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அதற்கும் அடுத்த நாள் காலையில் அவளுக்குக் கண்ணே திறக்கவில்லை. முதல் டியூபைவிட மோசம்.

மேஸ்திரி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, சாரத்தில் ஏறும்போது அவள் தலைக்குக் கட்டும் துணியைக் கொடியிலிருந்து எடுத்து, இனி இது வேண்டாம் என்கிற மாதிரி மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால் பரவாயில்லை.

அவன் போன பிறகு அவள் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டியூபையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைத் தூள் இல்லாததிலும் வீங்குகிறது என்றால் வெள்ளைத் தூள் குற்றவாளி இல்லை. அந்த மருந்துக்கடைப் பெண் சொன்னது சரிதான். இந்த மட்டுக்குத்தான் எனக்கு எட்டியது.

துணிக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

“ஏங்க, ஒரு புதுக் கலர் வந்தா என்ன செய்வீங்க?”

“என்ன செய்வேன்? சாம்பிள் போடுவேன். கதவுக்குப் பின்னால, கையகலம்.”

“சுவருக்குக் கையகலம் போட்டு, காயவிட்டு, ரெண்டு நாள் பார்த்துட்டுத்தான் மீதி அடிப்பீங்க. என் மூஞ்சிக்கு மட்டும் நேரா ஃபைனல் கோட்டிங்கா?”

இத்தனை வருஷம் சாம்பிள் போடாமல் ஒரு சுவர் தொட்டவன் இல்லை நான்.

அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததில் அவளுக்கு வேறொன்றும் யோசனைக்கு வந்திருந்தது. உள்வேலையில் இமை தடிப்பது தூசால் இல்லை என்றாள். பட்டி தேய்த்து முகமெல்லாம் மாவாகிற நாளில் ஒன்றுமே ஆவதில்லை. பக்கெட்டைத் திறந்து ரோலர் ஓட்டுகிற நாளில்தான் ஆகிறது. அதுவும் ஜன்னல் மூடிய அறை என்றால் கட்டாயம் ஆகிறது. கதவு, கிரில்லுக்கு எனாமல் என்கிற எண்ணெய் பெயின்ட் அடிக்கிற நாளில் நாற்றம் மண்டையைப் பிளந்தாலும் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

“டியூபுல இருக்கிறதும் பக்கெட்டுல இருக்கிறதும் ஒண்ணுன்னு நீங்க சொன்னது சரிதான். எந்த ஒண்ணுங்கறதுலதான் தப்பு.”

வீக்கம் வடிந்த ஞாயிற்றுக்கிழமை. சாரப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, முதல் டியூப், ஜெல் டியூப், பக்கெட் லேபிள் மூன்றையும் வரிசையாக வைத்தோம். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. நான் எழுத்துக் கூட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றிலும் இருக்கிற முதல் வார்த்தை தண்ணீர்.

“தண்ணி ஒத்துக்கலைன்னா நான் குளிக்கவே கூடாது” என்றாள்.

அடுத்தது கிளிசரின், டியூப் இரண்டிலும் இருந்தது, பக்கெட்டில் இல்லை. வாசனை, ஒரு டியூபில் மட்டும். அதற்கப்புறம் என் கண் சொருக ஆரம்பித்தது. எழுத்துகள் ஏறி விளையாடின. ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் பலகைக்கு மேலே குனிந்திருந்தாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. வகுப்புக்கு இரண்டு நாள் வந்துவிட்டு, உட்கார்ந்தே இருப்பது முதுகுக்கு ஆகவில்லை என்று விட்டவள். ஆனால் எங்கள் குழுவில் நிறம் சேர்ப்பவள் அவள்தான். பழைய சுவரில் ஒரு இடம் உரிந்து போயிருந்தால், பக்கத்து நிறத்தைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து, எங்கே ஒட்டுப்போட்டது என்று தெரியாமல் செய்துவிடுவாள். அட்டையெல்லாம் வேண்டாம், ஒருமுறை பார்த்தால் போதும். அப்படித்தான் அன்று எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்கவில்லை, உருவத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“இது இங்கயும் இருக்கு. இங்கயும் இருக்கு. அந்தப் பக்கெட்டுல, கீழ, கட்டம் போட்டிருக்கே, அதுலயும் இருக்கு.”

அவள் விரல் வைத்த இடம் இரண்டு டியூபிலும் கடைசி வரி. நான் ஒருநாளும் போய்ச் சேராத இடம். ரயில் மாதிரி நீண்ட வார்த்தை, பெட்டி பெட்டியாகக் கோத்தது. பக்கெட்டில் அது தனியாக, ‘அலர்ஜி’ என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அந்தக் கட்டத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். எல்லாப் பக்கெட்டிலும் இருப்பதால், அது பக்கெட்டின் டிசைன் என்று நினைத்துவிட்டேன்.

கூட்டி வாசிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெ-தில்-ஐ-ஸோ-தை-ய-ஸோ-லி-னோன். வாசித்து முடித்தபோது நெற்றியில் வியர்வை.

“பேரைக் கேட்டாலே அரிக்குது” என்றாள் அவள்.

மறுநாள் இரண்டு பேருமாக மருந்துக்கடைக்குப் போனோம். அந்தப் பெண் மூன்றையும் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் மனைவியை உட்காரவைத்துவிட்டு, விவரமாகச் சொன்னாள். தண்ணீர் இருக்கிற எந்தச் சாமானும் நாள்பட்டால் கெட்டுப்போகும், பூசணம் பிடிக்கும். கெடாமல் இருக்கத் துளி மருந்து கலப்பார்கள். அந்தத் துளிகளில் ஒன்றுதான் இது. பலபேரை ஒன்றும் செய்யாது. சிலபேரின் தோல் மட்டும் அதை ஒருமுறை பகையாக எடுத்துக்கொண்டால் பிறகு மறக்கவே மறக்காது, ஒரு துளியானாலும் கண்டுபிடித்துவிடும். முகத்துக்குப் போடுகிற சாமானில் இப்போது நிறையக் கம்பெனிகள் இதை விட்டுவிட்டன, இந்த இரண்டும் விடவில்லை. கிரீமில், சோப்பில் வருவது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பெயின்டில் வருவது அன்றுதான் தெரியுமாம். லேபிளை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நூறு பக்கெட் இருக்கிறது, எடுத்துக்கோ என்றேன்.

“ஆனா இதுதான்னு நான் சொல்லக்கூடாது, அண்ணே. டாக்டர் டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும். அதுவரைக்கும் இது இல்லாததா ஒண்ணு தேடுவோம்.”

தேடினோம். அலமாரியில் இருந்த வெயில் கிரீம் டியூபையெல்லாம் இறக்கிவிட்டாள். நான் மேலே இருந்து வாசிக்காமல் கடைசி வரியிலிருந்து மேலே வாசித்தேன். அந்த மாதிரி வாசித்தால் தூக்கம் வருவதற்குள் வேண்டியது கிடைத்துவிடுகிறது. என் மனைவி வாசிக்காமலே ஒதுக்கினாள், இதில் ரயில் இருக்கிறது, இதில் இல்லை என்று. கடைக்கு வந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெரியவர் தலைவலி மாத்திரையை மறந்துவிட்டு, தன் பையிலிருந்த களிம்பை எடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் கிடைத்தது ஒரு கெட்டியான கிரீம். துத்தநாகத் தூள் போட்டது, கூட அந்த டைட்டானியமும் இருந்தது. வாசனை இல்லை, ரயில் இல்லை. பூசினால் வெள்ளையாகத் தெரியும், பரவாயில்லையா என்று அந்தப் பெண் தயங்கினாள்.

“ஏற்கெனவே பாதி வெள்ளைதான்மா. மீதியும் ஆகட்டும்” என்றாள் என் மனைவி.

இந்தமுறை சாம்பிள் போட்டோம். முழங்கை மடிப்புக்கு உள்பக்கம், ஒரு பெரிய பொட்டு அளவு. காலையும் மாலையும் அதே இடத்தில் பூசி, அவள் கையை நீட்ட, நான் ஜன்னல் பக்கம் போய்ப் பார்ப்பேன். சுவரில் ஈரம் பூக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, விரலால் தடவி, சாய்த்துப் பார்ப்பேன். ஒரு வாரம் முழுக்க இப்படிப் பார்த்தோம். தோலில் ஒரு சின்னச் சிவப்புகூடப் பூக்கவில்லை. பிறகு காதுக்குக் கீழே. அங்கேயும் இல்லை. பிறகுதான் முகம்.

டாக்டர் தேதி வந்தது. முதுகில் சின்னச் சின்னக் கட்டமாக மருந்துகளை ஒட்டி அனுப்பினார்கள். நனைக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது. எடுத்துப் பார்த்தபோது எல்லாக் கட்டமும் சும்மா இருக்க, ஒன்று மட்டும் தக்காளி மாதிரி சிவந்து தடித்திருந்தது. டாக்டர் ஒரு அட்டையில் அதன் பெயரை எழுதிக் கொடுத்தார். எதை வாங்கினாலும் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். எனக்குக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது இப்போது என் சொந்தக்காரன் பெயர் மாதிரி மனப்பாடம்.

ஆனால் அந்த அட்டையில் ஒரு பாதிக் கசப்பும் இருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்த அறைக்குள் அவள் இனிமேல் நிற்க முடியாது. எங்கள் வேலையில் முக்கால்வாசி தண்ணீரில் கரைகிற பெயின்ட்தான். அதைத் தம்பியிடம் சொல்லத்தான் வேண்டும்.

நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன். வேண்டாம் என்று அவளே வந்தாள். கிரீம் பூசிக்கொண்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு. வெயிலில் நின்று தம்பியிடம் முழுதும் சொன்னாள். அறை வேலை என்னால் ஆகாது, அதை விட்டுவிடுகிறேன். கதவு, ஜன்னல் சட்டம், கிரில், மாடிப்படிக் கம்பி, எனாமல் எதெல்லாமோ அதெல்லாம் எனக்கு, அதில் தண்ணீரும் இல்லை, அந்த மருந்தும் இல்லை. வெளியே வைத்து அடித்து மாட்டுகிறேன். நிறம் சேர்க்க வேண்டுமானால் பக்கெட்டை நீ திற, நான் தள்ளி நின்று சொல்கிறேன்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு அடித்த மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வெளுத்த இடம் எது, வெளுக்காத இடம் எது என்று தெரியவில்லை.

“அக்கா, பிரைமர் மட்டும்தானா, மேல கலர் எப்போ?”

“நேத்து வந்த பயலுக்குப் பேச்சைப் பாரு. காதுகிட்ட விட்டுப்போச்சா, அதைச் சொல்லு.”

அவன் சுற்றி வந்து பார்த்தான். இடது காதுக்குப் பின்னால் விட்டுப்போயிருக்கிறது என்றான். டியூபை வாங்கி அவனே பூசிவிட்டான், சுவருக்குச் செய்கிற மாதிரி ஒரே போக்கில், ஓரம் தெரியாமல். பிறகு கீழே அடுக்கியிருந்த ஜன்னல் கிரில்களைக் கையால் காட்டிவிட்டு, சாரத்தில் ஏறிப் போய்விட்டான்.

வேலை நிலைத்தது. என் பழக்கமும் நிலைத்துவிட்டது. எந்தப் பாட்டிலைக் கண்டாலும் கையில் எடுத்துத் திருப்பி, கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கிறேன். ஷாம்பு, பற்பசை, தரை துடைக்கிற திரவம், எதையும் விடுவதில்லை. கிரீமில் இருக்கிற சாமான்களில் பாதி இப்போது முகம் தெரிந்தவை. தண்ணீர் எது, எண்ணெய் எது, கெட்டியாக்குவது எது, வெயிலைத் தடுப்பது எது, சும்மா வாசனைக்கு வந்து உட்கார்ந்திருப்பது எது என்று சொல்லிவிடுவேன். அந்த மருந்துக்கடைப் பெண் புதுச் சரக்கு வந்தால், அண்ணே இதைப் பாருங்க என்று எடுத்து வைக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்காமல் சமையலறைக்குள் போனேன். பாத்திரம் தேய்க்கிற திரவத்தைத் திருப்பினேன். கடைசி வரியில் ரயில் நின்றுகொண்டிருந்தது. அவள் புறங்கையில் அரிப்பு மட்டும் ஏன் இன்னும் நிற்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அது இல்லாத வேறு சோப்பு கண்டுபிடிக்கும்வரை என்ன செய்வது என்று கேட்டேன்.

அவள் கையைப் பார்த்தாள், தொட்டியில் குவிந்திருந்த பாத்திரத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“கண்டுபிடிச்சவரு நீங்கதானே” என்றாள்.

தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் எல்லாச் சோப்பையும் திருப்பிப் பார்த்தாயிற்று, அது இல்லாத ஒன்று போன வாரமே கிடைத்துவிட்டது. அதை வைத்தும் என்னையே தேய்க்கச் சொல்கிறாள். முதலில் என் கையில் சாம்பிள் பார்க்க வேண்டுமாம்.